கையெழுத்துக்கு முன்னால் கிளம்பிய எண்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இரண்டு பெண்கள் வருஷக்கணக்காகத் தினமும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நேருக்கு நேர் நின்று அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஒருவர் லேப் பொறுப்பாளர், எல்லோருக்கும் மேடம். இன்னொருவர் டயாலிசிஸ் வார்டின் தலைமை நர்ஸ், எல்லோருக்கும் சிஸ்டர். லேப் இருந்தது சந்துக்கு அந்தப் பக்கம், பழைய வீடு ஒன்றை வாங்கி மாற்றிய கட்டடத்தில். வார்டு இந்தப் பக்கம், மூன்றாவது மாடியில். மேடம் வில்லாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து நேராக லேப்புக்குள் நுழைந்தால் வேலை முடிந்துதான் வெளியே வருவார். சிஸ்டர் திருநகரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து மாடி ஏறினால் இறங்க நேரமிருக்காது. ஒருவருக்கு இன்னொருவர் குரல் மட்டும்தான்.

"மேடம், ஜன்னலோர பெட்டுக்குப் பொட்டாசியம் வந்துருச்சா?"

"வந்தா அனுப்ப மாட்டேனா? பூட்டியா வச்சிருக்கேன்?"

"காலைல அனுப்புன ரத்தம் மேடம் அது."

"ரிசல்ட் போட்டாச்சு. கொண்டாந்து குடுக்குற ஆளு இன்னும் டீக்கடையில நிக்கிறார். அதுக்கு நான் என்ன செய்ய?"

கிட்னி கெட்டுப்போனவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் இதயம் நின்றுவிடக்கூடும். சிஸ்டர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மேடம் எரிச்சல்பட்டதற்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு வார்டிலிருந்தும் இப்படியே போன் வந்தால் மனுஷி எப்போது வேலை பார்ப்பது?

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்களில் நான் அங்கே சேர்ந்தேன். அதற்கு முன் சென்னையில் பேங்குகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். அவர்கள் எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். என் ஊர் மேலூருக்குப் பக்கம். அப்பா காலத்தில்தான் எங்களுக்கென்று கொஞ்சம் நிலம் வந்தது. அதற்கு முன்னால் எல்லோருமே அடுத்தவர் வயலில் கூலி வேலை. அந்த வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் படித்து வெளியே போன முதல் பெண் நான் என்பதில் அம்மாவுக்குப் பெருமை இருந்தது. திரும்பி வந்ததில் அதைவிடச் சந்தோஷம். "எம்புட்டு நாளைக்கு மெட்ராஸ்ல கெடப்ப? இங்கிட்டு ஆஸ்பத்திரி இல்லையா, கம்ப்யூட்டர் இல்லையா?" என்றாள். இரண்டும் இருந்தன. காலையில் மேலூரில் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி வந்துவிடுவேன். கம்ப்யூட்டர் பிரிவு என்று போர்டு மாட்டிய அறையில் நான் மட்டுமே.

நிர்வாகி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

"லேப்ல டைப் பண்றாங்க. வார்டுலயும் கம்ப்யூட்டர் இருக்கு. நடுவுல ஒரு ஆளு பேப்பரத் தூக்கிட்டு நடந்து போறான். ஏம்மா?"

"ரெண்டும் வேற வேற கம்பெனி சாஃப்ட்வேர் சார். ஒண்ணுக்கொண்ணு பேசாது."

"பேச வை."

பேச வைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுண்டு. சென்னையில் பேங்க் வேலையில் செய்திருக்கிறேன். லேப்பின் டேட்டாபேஸில் ஒரு வரி புதிதாக எழுதப்பட்டாலோ இருக்கிற வரி மாறினாலோ, அந்தக் கணமே அதைப் பற்றி ஒரு சின்னத் தகவல் தானாக உருவாகும். அது ஒரு வரிசையில் போய் நிற்கும். மெசேஜ் க்யூ என்று பெயர். ரேஷன் கடை க்யூவைப் போலத்தான். முதலில் வந்தது முதலில் போகும். வார்டு கம்ப்யூட்டர் 'கிடைத்தது' என்று பதில் சொன்ன பிறகுதான் க்யூவிலிருந்து அந்தத் தகவல் அழியும். வார்டில் கரண்ட் போய்விட்டால், எதுவும் தொலையாமல் அப்படியே காத்திருக்கும். லேப் சாஃப்ட்வேரையும் தொட வேண்டியதில்லை, வார்டு சாஃப்ட்வேரையும் தொட வேண்டியதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம். யாரையும் தொந்தரவு செய்யாமல் வேலை நடக்கும் என்று நினைத்தேன்.

மேடத்திடம் சொல்லப் போனேன். ஒல்லியான உருவம், மூக்கில் இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, வெள்ளைக் கோட்டுக்குள் எப்போதும் சுங்குடிச் சேலை. சௌராஷ்டிரா குடும்பம். அங்கே டெக்னீஷியனாக இருந்த பெண்ணும் அவர் தெருக்காரிதான். இருவரும் தங்கள் பாஷையில் கிசுகிசுவென்று பேசிக்கொண்டே வேலை பார்ப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அந்தப் பேச்சு நின்றது.

"அப்ப நாங்க டைப் அடிக்க அடிக்க அங்க தெரியுமா?"

"ஆமா மேடம். உடனே."

"உடனேன்னா?"

"நீங்க நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. மூன்றாவது மாடிதான். ரிசீவரைக் கையில் பொத்திக்கொண்டு, "இந்தத் தொல்லை போகும்னா எதையாச்சும் செய்யும்மா" என்றார்.

ஓரிரு மாதத்தில் வேலை முடிந்தது. ஓடத் தொடங்கிய முதல் நாள் நான் வார்டில் நின்றிருந்தேன். டயாலிசிஸ் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே சிஸ்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயருக்குப் பக்கத்தில் எண் வந்து விழுந்தது. வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மா, இத முன்னாடியே செஞ்சிருந்தா எனக்குப் பிரஷரே வந்திருக்காதே" என்றார்.

அதற்குப் பிறகு லேப்பில் போன் அடிப்பது அநேகமாக நின்றுபோனது. பேப்பர் எப்போதும் போல வந்தது, மேடத்தின் கையெழுத்தோடு, பைலில் வைப்பதற்கு. அது நிதானமாக வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, எதிரில் உட்காரச் சொல்லி, காபி வாங்கிக் கொடுத்தார். நானும் சந்தோஷமாகவே இருந்தேன்.

இப்படியே சில வாரங்கள் போயின. அப்போது வார்டில் ஒரு ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர் இருந்தார். வாரா வாரம் டயாலிசிஸுக்கு வந்து போகிறவர்தான். அந்தத் தடவை காய்ச்சல் என்று சேர்த்து, குணமாகி, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். வாய் ஓயாத மனுஷர். டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கும்போது, "ஏறு ஏறு, உள்ள இடம் கெடக்கு, முன்னாடி போ" என்று சத்தம் கொடுத்து மற்ற நோயாளிகளைச் சிரிக்க வைப்பார். அவர் மனைவி பேசாத ஆள். கட்டிலுக்குக் கீழே பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருப்பார், எழுந்தால் பாத்திரம் கழுவுவார்.

வீட்டுக்கு அனுப்புமுன் கடைசியாக ஒரு ரத்தப் பரிசோதனை. காலையில் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். நான் வேறொரு வேலையாக, அந்த வார்டின் பிரின்டரைச் சரி செய்துகொண்டிருந்தேன். திடீரென்று சிஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். திரையில் கண்டக்டர் பெயருக்கு நேரே பொட்டாசியம் ஏழுக்கு மேல் நின்றது, ஆறு தாண்டினாலே ஆபத்தான எண்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டியூட்டி டாக்டர் ஓடிவந்தார். ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மடித்து வைத்திருந்த வேட்டி சட்டையை ஒதுக்கிவிட்டு, கண்டக்டரைப் படுக்கச் சொன்னார்கள். ஒரு நர்ஸ் இதயத்தைக் காக்கும் கால்சியம் மருந்தை ஊசிக்குள் ஏற்றித் தயாராக வைத்தாள். "எனக்கு ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தேன் இருக்கேன்" என்று அவர் சொல்லச் சொல்ல மார்பில் வயர்களை ஒட்டினார்கள். மனைவி சுவரோரமாக நின்றார். அழவில்லை. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்தார். அங்கே சும்மா நின்ற ஆள் நான் ஒருத்திதான்.

"மகனுக்குப் போன் போடணும் தாயி. வரச் சொல்லிரவா?"

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன்.

ஈசிஜி பேப்பர் வெளியே வந்தது. டாக்டர் அதை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "இதுல கோளாறு ஒண்ணும் தெரியலையே" என்றார். சிஸ்டர் திரையைப் பார்த்தார், நோயாளியைப் பார்த்தார், போனை எடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு லேப் நம்பரைச் சுழற்றினார்.

பக்கத்தில் நின்ற எனக்கு மறுமுனைக் குரலும் கேட்டது.

"மேடம், கண்டக்டருக்குப் பொட்டாசியம் ஏழுக்கு மேல போட்டிருக்கீங்க. கால்சியம் குடுக்கப் போறோம்."

"நான் எதுவும் போடலையே. யார் சொன்னா?"

"ஸ்க்ரீன்ல வந்திருக்கு மேடம்."

ட்யூப் ஸ்டாண்டைத் துழாவும் சத்தம் கேட்டது. பிறகு மேடத்தின் குரல், எப்போதும் இருக்கும் எரிச்சல் துளியும் இல்லாமல் வந்தது. "சிஸ்டர், நிறுத்துங்க. அந்த ட்யூபு என் கையில இருக்கு. ரத்தம் உடைஞ்சு போயிருக்கு. மேல தெளியுற சீரம் மஞ்சளா இல்லாம ரோஸ் கலர்ல இருக்கு. அதுல வார பொட்டாசியத்த நம்ப முடியாது. நானே வாரேன்."

ஊசியில் வேகமாக இழுத்தாலோ ட்யூபைக் குலுக்கினாலோ ரத்த அணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். மெஷின் அதையும் சேர்த்து எண்ணும். எண் சரி, ஆனால் அது அந்த மனுஷர் உடம்பில் ஓடும் ரத்தத்தின் எண் அல்ல. மேடத்தின் வழக்கம் என்னவென்றால், டெக்னீஷியன் எல்லாவற்றையும் டைப் செய்து முடித்த பிறகு, ஒவ்வொரு ட்யூபாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சந்தேகமானதைத் தனியே எடுத்து வைப்பார். மிச்சத்துக்குத்தான் கையெழுத்து. அந்தக் கையெழுத்து பேப்பரில் நடந்தது. டேட்டாபேஸில் அதற்கு இடமே கிடையாது. என் க்யூவுக்கு அப்படி ஒரு காரியம் நடப்பதே தெரியாது. டெக்னீஷியன் அடித்த கணமே அது எண்ணைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தது.

மேடம் வந்தார். சந்து தாண்டி வந்து மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கையில் ஊசியும் புது ட்யூபும். வாசலில் நின்று, "யாரு சிஸ்டர்?" என்று கேட்டார். சிஸ்டர் கையைத் தூக்கினார். இருவரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்தார்கள்.

"நான் உங்கள வயசானவங்கன்னு நெனச்சிருந்தேன்" என்றார் சிஸ்டர்.

"நான் உங்கள குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் மேடம். உடனே கட்டில் பக்கம் திரும்பிவிட்டார். அவரே ரத்தம் எடுத்தார். மெதுவாக, அவசரமில்லாமல். கண்டக்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, இது எந்த ஸ்டாப்பிங்?" என்று கேட்டார். மேடம், "இறங்காதீங்க, இன்னும் வரல" என்றார். அதுவரை அழாமல் நின்ற அவர் மனைவி அப்போதுதான் அழுதார்.

மறுபடி பார்த்ததில் பொட்டாசியம் அவருக்கு வழக்கமாக இருக்கும் அளவில்தான் இருந்தது. சாயங்காலமே வேட்டி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனைவி போகும்போது என்னிடம் மட்டும் வந்து, "மகனுக்குச் சொல்லல தாயி. பயந்துருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரல் எனக்கு ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுதிய ப்ரோக்ராம் ஒரு மனுஷியை இப்படிச் சுவரோரம் நிற்க வைக்கும் என்று பேங்க் வேலையில் எனக்குத் தெரிந்ததே இல்லை.

மறுநாள் நிர்வாகியின் அறையில் நாங்கள் மூவரும் நின்றோம். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நிறுத்திருங்க. பழையபடி பேப்பரே போதும்."

நான் தலையாட்டத் தயாராக இருந்தேன். மேடம்தான் முதலில் பேசினார்.

"நிறுத்த வேணாம் சார்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நிர்வாகிக்கும்தான். "உங்க ரிசல்ட்ட உங்களக் கேக்காம அனுப்பியிருக்கு மேடம்!"

"நாங்க எழுதுனதத்தான் அனுப்பியிருக்கு. அதுல தப்பில்ல. ஆனா எழுதுறது வேற சார், சொல்றது வேற. டைப் அடிக்கிறது எங்களுக்குள்ள. அத நான் பாத்து, சரின்னு சொன்னாத்தான் வார்டுக்கு." என் பக்கம் திரும்பினார். "நான் சொல்றத உங்க மெஷினுக்குச் சொல்ல முடியுமா?"

"முடியும் மேடம்."

"எனக்கும் ஒண்ணு வேணும்" என்றார் சிஸ்டர். "பின்னாடி ஏதாச்சும் மாத்துனா, மாத்துனோம்னு சொல்லுங்க. பழைய நம்பர் சத்தமில்லாம மறைஞ்சு, புது நம்பர் உக்காந்துச்சுன்னா, நான் எதப் பாத்து ஊசி போட்டேன்னு நாளைக்கு எனக்கே தெரியாது."

நிர்வாகி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "செஞ்சு காட்டுங்க. அதுவரைக்கும் ஓடக் கூடாது" என்றார்.

அடுத்த சில நாட்கள் என் அறைக்குப் போகாமல் லேப்பிலேயே உட்கார்ந்தேன். மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். ஒரு எண் எத்தனை பாடுபட்டு எண்ணாகிறது என்று அங்கேதான் பார்த்தேன். மெஷின் சொல்வதை ஒருமுறை நம்புவார், ஒருமுறை நம்ப மாட்டார். "நேத்து இவருக்கு இம்புட்டு இல்லையே" என்று பழையதைத் தேடிப் பார்ப்பார். மறுபடி ஓட்டச் சொல்வார். டெக்னீஷியன் பெண் தங்கள் பாஷையில் ஏதோ முணுமுணுப்பாள், மேடம் சிரிப்பார். நான் இருந்தாலும் அந்தப் பேச்சு இப்போது நிற்பதில்லை.

புதிதாக ஒரு சின்னத் திரை எழுதினேன். டைப் ஆன எண்கள் அதில் வந்து நிற்கும். மேடம் பார்த்து ஒப்புக்கொண்டால் ஒரு பட்டன். அந்த ஒப்புதல்தான் இனி க்யூவுக்குள் போகும். டைப் அடித்ததெல்லாம் போகாது. பட்டனில் ஆங்கிலத்தில் 'ரிலீஸ்' என்று போட்டிருந்தேன்.

"என்னம்மா, சினிமா ரிலீஸ் மாதிரி இருக்கு" என்றார்.

"வேற என்ன போடலாம் மேடம்?"

"சரின்னு போடு."

அந்தக் காலத்தில் அந்த சாஃப்ட்வேரில் தமிழ் எழுத்து ஏறாது. 'சரி' என்று படமாக வரைந்து ஒட்டினேன். கொஞ்சம் கோணலாக இருந்தது. மேடம் அப்படியே இருக்கட்டும் என்றார்.

சிஸ்டர் கேட்டதையும் செய்தேன். மேடம் சரி சொன்ன எண் பின்னால் மாறினால், வார்டுத் திரையில் பழையது குறுக்குக்கோடு போட்டபடி நிற்கும், பக்கத்தில் புதியது வரும், மாற்றிய நேரமும் காரணமும் கீழே. பார்த்தேன் என்று நர்ஸ் அமுக்கும்வரை அது சிவப்பாகவே இருக்கும். நிர்வாகி ஒரு மத்தியானம் முழுக்க வார்டில் நின்று பார்த்துவிட்டு, "ஓட விடு" என்றார். இந்தத் தடவை காபி வாங்கிக் கொடுக்கவில்லை. எனக்கும் அப்போது காபி குடிக்கிற நினைப்பில்லை. மேடத்தின் விரல் அந்தப் பட்டனுக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னைவிட எண்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

மழைக்காலத்தில் தண்ணிக் குழாய் போடச் சந்துக்குள் பள்ளம் தோண்டினார்கள். கடப்பாரை எங்கள் கேபிளில் விழுந்து, இரண்டு கட்டடத்துக்கும் தொடர்பு அறுந்தது. லேப்பில் போய்ப் பார்த்தேன். க்யூவில் தகவல்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்து நின்றன. எதுவும் தொலையவில்லை. ஆனால் வார்டுக்கு உடனே எண் வேண்டுமே? போன் அடிக்கும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சிஸ்டரே சேறு படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகை மேல் நடந்து வந்தார்.

"அவசரமானத மட்டும் சொல்லுங்க மேடம், எழுதிக்கிறேன்."

"உக்காருங்க. டீ வருது."

இருவரும் அன்றைக்கு நிறையப் பேசினார்கள். பொட்டாசியம் பற்றிக் கொஞ்சம். மற்றபடி மேடத்தின் பெண்ணுக்குப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, சிஸ்டரின் மாமியார், திருநகரில் வாடகை ஏறியது. நான் கேபிள்காரருக்குக் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். ஒட்டி முடித்ததும், காலையிலிருந்து நின்ற எண்கள் வந்த வரிசை மாறாமல் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அதிலும் ஒரு பாடம் இருந்தது: காலை எண், சாயங்காலம் வந்தால் புதுசு போலத் தெரிகிறது. அடுத்த வாரம் ரத்தம் எடுத்த நேரத்தையும் எண்ணோடு சேர்த்து அனுப்பினேன்.

கண்டக்டர் அதன் பிறகும் வருஷக்கணக்கில் வந்து போய்க்கொண்டிருந்தார். மேடத்தின் பெண் கல்யாணத்தில் சிஸ்டர் பந்தி விசாரித்ததை நான் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன்.

கொஞ்ச காலம் கழித்து ஃபார்மஸிக்காரர் என் அறைக்கு வந்தார். கீழ்த்தளத்தில் மருந்துக் கடையைப் பார்த்துக்கொண்டவர், எங்கள் மேலூர்ப் பக்கம்தான். வார்டில் டாக்டர் எழுதும் மருந்து உடனே தன் திரையில் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை.

"எப்பத் தங்கச்சி ஆரம்பிக்கலாம்? டேட்டாபேஸ்ல ரெண்டு டேபிள்தானாம்ல, சட்டுன்னு முடிஞ்சிரும்னாங்க."

"நாளைக்கு வாரேன்ணே. முதல்ல நீங்க மருந்து எடுத்துக் குடுக்குறதப் பாக்கணும்."

"அதுல பாக்க என்ன இருக்கு?"

"தெரியலண்ணே. அதுக்குத்தான்."

மறுநாள் காலை மருந்து அலமாரிகளுக்கு நடுவே அவர் எனக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார இடம் கொடுத்தார். கவுண்டரில் முதல் ஆள் சீட்டை நீட்டினார். ஃபார்மஸிக்காரர் அதை வாங்கி, மருந்தை எடுக்காமல், முதலில் எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்து, "மருந்து உங்களுக்கா, வீட்டுல வேற யாருக்குமா?" என்று கேட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.